‘வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்பது சட்டத்தின் முன் பதிலாகுமா?

கொங்குப் பகுதியில் ஒரு நகரத்தின் புறநகரில் வசிக்கும் 57 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வாசகியின் கணவருக்கு 62 வயது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை, வடக்கிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக ஒரு காவல்துறை அதிகாரி எச்சரிப்பது போன்ற குரல் பதிவும், மூன்று ஆண்களின் புகைப்படமும் அவருக்கு வந்தன. அவற்றைக் குழுவில் பகிர்ந்தவர், கீழே “நம் பகுதியிலும் போர்வை விற்பவர்கள் சுற்றுகிறார்கள், எல்லோரும் உஷாராக இருங்கள்” என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார். மறுநாள் முற்பகல், பக்கத்துத் தெருவுக்குப் போர்வை விற்க வந்த வடமாநில இளைஞர் ஒருவரை மின்கம்பத்தில் கட்டிவைத்துச் சிலர் அடித்திருக்கிறார்கள். கை எலும்பு முறிந்து அவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்தக் குரல் பதிவு போலியானது என்று காவல்துறை அறிவித்தது; அடித்தவர்களில் சிலர் கைதானார்கள்.

இப்போது காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, “ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள், போனையும் எடுத்து வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் உடனே அழித்துவிடச் சொல்கிறார். எதிர்வீட்டுக்காரர், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். வேறொருவர், அட்மினைத்தான் முதலில் உள்ளே வைப்பார்கள் என்று பயமுறுத்துகிறார். கணவரோ சரியாகச் சாப்பிடுவதில்லை. “வந்ததைத்தானே அனுப்பினேன், பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே அனுப்பினேன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர்களிடம் வளரும் பேத்தியைப் பள்ளியிலிருந்து தினமும் அழைத்து வருபவர் அவர்தான். “இந்தப் போன் கைக்கு வந்தபின் அவர் வேறு மனிதராகிவிட்டாரா?” என்று கேட்கும் வாசகி, கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: “அதே பதிவை நானும் என் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அனுப்பினேன், அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியதால்தான் உங்களிடம் எதையும் மறைக்காமல் பேச முடியும் என்ற தைரியம் எனக்கு வந்தது. வழக்கு ஆவணங்களைப் பார்க்காமல் ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நின்று, முதலில் உங்கள் கணவரைப் பற்றியும் பிறகு சட்டத்தைப் பற்றியும் எழுதுகிறேன்.

உங்கள் கணவர் வேறு மனிதராகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணத்தை எண்ணியவர் அவர். கவுன்ட்டரில் நீட்டப்பட்ட ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், அதன் பாதுகாப்பு இழையைக் கவனிக்காமல் ஒரு நாளாவது வாங்கியிருப்பாரா? கொடுத்தவர் சொந்த மைத்துனராக இருந்தாலும் எண்ணித்தான் வாங்கியிருப்பார். காரணம், அங்கே தாள் வேறு, அதைக் கொடுத்தவர் வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். கைபேசியில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செய்தியை உண்டாக்கியவர் யாரென்று தெரிவதில்லை. அதை அனுப்பிவைத்த நண்பரின் பெயரும் முகமும்தான் மேலே தெரிகின்றன. அந்த நண்பர் மீது பல ஆண்டுகளாக வைத்த நம்பிக்கை, அவர் தயாரிக்காத, சரிபார்க்காத ஒரு செய்தியின் மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே பதிவு வேறு இரண்டு குழுக்களிலிருந்தும் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே பொய் மூன்று வாசல் வழியாக வந்தால் மூன்று சாட்சிகள் சொன்னதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே அது உண்மையெனத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியல் ஆய்வாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று கைபேசியே கிடையாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், உண்மையைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று 2018-இல் வெளியிட்டார்கள். அந்த வேகத்துக்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமல்ல, மனிதர்களே காரணம் என்பதும், பொய்ச் செய்திகள் வியப்பையும் அச்சத்தையும் அருவருப்பையும் கூடுதலாகக் கிளப்பின என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தவை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் சாலையைக் கடக்கும் ஒரு தாத்தாவுக்குக் குழந்தைக் கடத்தல் செய்தி வரும்போது, அது அவருடைய அறிவைத் தொடும் முன்பே அவருடைய பயத்தைத் தொட்டுவிடுகிறது. அவர் பகிர்ந்ததும் குழுவில் “நன்றி சார்” என்று முப்பதுக்கும் மேற்பட்டோர் பதில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றபின் ஊரில் தன் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று உணரவைக்கும் இடமாக அந்தக் குழு அவருக்கு ஆகியிருக்கக்கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மறுமுறை சரிபார்க்காமல் பகிரும் கையை வேகப்படுத்துவது இந்தப் பாராட்டுத்தான் என்பதை அவர் புரிந்துகொள்ள வேண்டும்.

இவை எல்லாம் அவர் ஏன் செய்தார் என்பதை விளக்கும். செய்யவில்லை என்று ஆக்கிவிடாது.

பகிர்வதும் ஒரு செயல்தான்

66ஏ பிரிவு பற்றி உங்கள் எதிர்வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ஆனால் வதந்தி பரப்புவது பற்றிய சட்டம் அதற்கு வெளியே எப்போதும் இருந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 505 ஆக இருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 353 ஆக இருக்கிறது. பொய்த் தகவலையோ வதந்தியையோ உருவாக்குபவரை மட்டுமன்றி, வெளியிடுபவரையும் சுற்றுக்கு விடுபவரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மின்னணு வழியில் செய்வதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு பிரிவினரை இன்னொரு பிரிவினருக்கு எதிராகக் குற்றம் செய்யத் தூண்டும் நோக்கம் இருந்தாலும், தூண்டக்கூடியதாக அச்செய்தி இருந்தாலும், மூன்று ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே ‘வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்ற பதில் மட்டும் போதாது.

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகரின் வழக்கைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஒரு பதிவைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலேயே அந்த வழக்கில் பதிவு செய்தது. வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றமும், பின்னர் 2023-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தன. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். பதிவை நீக்கியதும் மன்னிப்புக் கேட்டதும் வழக்கு தொடர்வதைத் தடுக்கவில்லை.

உங்கள் கணவருக்குச் சாதகமான ஒரு விதிவிலக்கும் 353-இல் இருக்கிறது. செய்தி உண்மையென நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடும், தீய நோக்கம் இல்லாமலும் பகிர்ந்திருந்தால் அது குற்றமாகாது. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேச்சுவழக்கில் நல்லெண்ணம் என்றால் நல்ல மனம் என்று பொருள். சட்டத்தில் அதற்கு வேறு அளவுகோல்: உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்ததையோ நம்பியதையோ நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்று அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே பேத்தி மீதுள்ள பாசத்தைச் சொல்வதோடு நிற்காமல், செய்தியைச் சரிபார்க்க என்ன முயற்சி செய்தார் என்பதையும் அவர் நினைவுகூர வேண்டும். நிலையத்தைக் கூப்பிட்டுக் கேட்டாரா? அனுப்பிய நண்பரிடம், இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தாரா? அந்த மாலை அவர் செய்த சிறு முயற்சியும் இப்போது பயன்படும். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் இருக்கும் நம்பகத்தன்மையும் போய்விடும்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விவரம். குரல் பதிவு மட்டும் போயிருந்தால் அது எங்கிருந்தோ வந்த செய்தி. “போர்வை விற்பவர்கள் சுற்றுகிறார்கள்” என்ற வரி அவருடைய சொந்த வரி. எங்கோ பரவிய வதந்தியை உங்கள் தெருவுக்கும், போர்வை சுமந்து வரும் ஒரு குறிப்பிட்ட தொழிலாளிக்கும் கொண்டுவந்து சேர்த்தது அந்த வரிதான். அடிக்கச் சொல்லி அவர் எழுதவில்லை என்பது உண்மை. அந்த நோக்கம் இல்லாதவரை, தாக்குதலுக்கு உடந்தை என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆனால் விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும் முதலில் கேட்கப்போவது இந்த வரியைப் பற்றித்தான். உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

அட்மின் என்ற பயம்

இதில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, குழுவில் மற்றவர் போட்டதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் தீர்ப்பளித்தன. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் இதே நிலைப்பாட்டை எடுத்தது. உங்கள் கணவர் பதில் சொல்ல வேண்டியது அவர் கையால் பகிர்ந்ததற்கு மட்டுமே.

எதையும் அழிக்காதீர்கள்

உங்கள் மகன் பெற்றோர் மீதுள்ள பதற்றத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த யோசனையைப் பின்பற்றக் கூடாது. சான்றாகக் கூடிய மின்னணுப் பதிவை அது முன்வைக்கப்படாமல் தடுக்கும் நோக்கில் அழிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம்; அதற்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. அதாவது, விதிவிலக்கு கிடைக்க வாய்ப்புள்ள ஒரு குற்றச்சாட்டிலிருந்து தப்புவதற்காக, எந்த விளக்கமும் சொல்ல முடியாத இன்னொன்றுக்குள் போய் விழுவீர்கள். அழித்தாலும் பயனில்லை. எல்லோருக்குமாக நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து அழித்தால் அவர் போனிலிருந்து மட்டுமே போகும், குழுவில் உள்ள மற்றவர்கள் போனில் அப்படியே இருக்கும். இன்னொரு கோணத்தையும் பாருங்கள்: இந்தப் பதிவு அவருக்கு எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதையும், அவர் இதை உருவாக்கியவர் அல்ல என்பதையும் காட்டும் சான்று அவருடைய அந்தப் போனில்தான் இருக்கிறது.

காவல் நிலையத்திலிருந்து வந்த அழைப்பு

உங்கள் கணவரைச் சாட்சியாக விசாரிக்கிறார்களா, குற்றம் சாட்டப்பட்டவராகவா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாட்சியாக என்றால், 60 வயதுக்கு மேற்பட்ட ஆணையோ எந்த வயதுப் பெண்ணையோ அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. வீட்டிலேயே வாக்குமூலம் தர அவருக்கு உரிமை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவராக என்றால், அதே சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி முறையான அறிவிப்பு வந்தால் குறித்த நாளில் தவறாமல் ஆஜராக வேண்டும். அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு நடப்பவரை, எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது, குற்றவியல் வழக்குகளில் பழக்கமுள்ள உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே அமர்த்தி, அவர் மூலம் எழுத்தில் அறிவிப்புக் கேட்பது. அப்படிக் கேட்பது ஒத்துழைக்க மறுப்பதாகாது. அழைப்பைக் கண்டும் காணாமல் இருப்பதுதான் தவறாகப் பார்க்கப்படும். 353 பிணையில் விடத்தகாத வகையைச் சேர்ந்தது. இதைக் கேட்டதும் பலர் பிணையே கிடைக்காது என்று எண்ணிவிடுகிறார்கள். பிணை தருவதை முடிவு செய்வது காவல் நிலையம் அல்ல, நீதிமன்றம் என்பதே அதன் பொருள். தேவைப்பட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவின் கீழ் முன்பிணை கோரலாம். முந்தைய வழக்கு எதுவும் இல்லாத, 62 வயதான, ஒரே முகவரியில் நீண்ட காலம் வசிப்பவர் என்பவை அவருக்குச் சாதகமானவை. போனைக் கைப்பற்றினால், அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) குறிக்கப்பட்ட மகஜரின், அதாவது கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தின், நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்தம் போடுவதா, வேண்டாமா?

நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும் கடிதம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. காவல் அதிகாரியிடம் சொல்லும் ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது. குழுவில் அவர் எழுதும் வரி சான்றாகும். அதனால் எதுவும் எழுத வேண்டாம் என்று சில வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும், அது தவறான அறிவுரையும் அல்ல. எனினும் என் கருத்து வேறு. அவர் பகிர்ந்தது ஏற்கெனவே அந்தக் குழுவில் உள்ள எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அதை மறுக்க வழியில்லை. பொய் என்று தெரிந்தபின்னும் அட்மின் மூன்று வாரம் மௌனமாக இருந்தார் என்பதே அவருக்கு எதிராகப் போகும். வழக்கறிஞரிடம் வாசகத்தைக் காட்டி ஒப்புதல் பெற்று, நான் இன்ன தேதியில் பகிர்ந்த குரல் பதிவு போலியானது என்று காவல்துறை அறிவித்திருக்கிறது, அதை யாரும் நம்பவோ பகிரவோ வேண்டாம், போர்வை விற்பவர்கள் பற்றி நான் எழுதியதற்கும் எந்த ஆதாரமும் இல்லை, என்று மூன்று வரியில் முடிக்கட்டும். ஏன் பகிர்ந்தேன் என்ற விளக்கமோ, அடித்தவர்களைப் பற்றிய கருத்தோ, அதில் வேண்டாம்.

இதை வலியுறுத்துவதற்கு வழக்கைத் தாண்டிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கடத்தல்காரி என்று அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், இரந்து பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்றில் பைக்கில் வந்தவர்கள் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது இந்தக் கொலைகளுக்குப் பிறகுதான். இன்று ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். உங்கள் கணவருக்கு வந்த பதிவிலும் அது இருந்திருக்கலாம், பாருங்கள். 2023 மார்ச்சில் இதே கருவி எதிர்த்திசையில் வேலை செய்தது: தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சி நடுங்கின, பீகார் அரசு அதிகாரிகள் குழுவே இங்கு வந்து விசாரித்துப் போனது.

எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் அதை ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 117(4) பிரிவின் கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. அந்த இளைஞருக்கு மருத்துவ உதவியும் இழப்பீடும் கிடைக்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இடமிருக்கிறது. நேரில் போய் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்கள் கணவர் தவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இப்போது போகக் கூடாது. விசாரணை நடக்கும்போது பாதிக்கப்பட்டவரைச் சந்தித்துப் பணமோ பொருளோ கொடுத்தால், சாட்சியைக் கலைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். செய்ய விரும்பும் உதவியை வழக்கறிஞரிடம் சொல்லி, ஆணைக்குழு வழியாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் சொந்தமாக எதுவும் சேர்க்காமல் பதிவை மட்டும் அனுப்பியதாகத் தெரிகிறது; அந்தக் குழுவில் உள்ளவர்கள் தாக்குதலில் ஈடுபட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. அதனால் உங்கள் நிலை கணவருடையதைவிட இலகுவானது என்றாலும், சட்டம் அதே சட்டம்தான். அவருக்குச் சொன்னவை அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும்: அழிக்காதீர்கள், யாரும் கேட்டால் மறைக்காதீர்கள், வழக்கறிஞரிடம் உங்கள் போனையும் காட்டுங்கள். பெண் என்ற முறையில், வருமான வரம்பு எதுவும் இல்லாமல், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி உங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். கணவர் உறக்கமின்றித் தவிப்பது தொடர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேச ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மகளிர் குழுவில் உள்ள பெண்கள் அந்தக் குரல் பதிவை இன்னும் உண்மை என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் தெருக்களுக்கும் நாளை யாராவது போர்வையோ பாயோ விற்க வருவார்கள். வழக்கறிஞரைப் பார்க்கும்போது கணவருக்கான வாசகத்தோடு உங்களுக்கானதையும் எழுதி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே அந்தக் குழுவில் போட்டுவிடுங்கள். போனில் படிக்காத பெண்களும் குழுவில் இருப்பார்கள் என்பதால், அடுத்த வாரக் கூட்டத்தில் வாய்விட்டும் சொல்லுங்கள்.